வளாகத்துக்கு வெளியே நிற்கும் வாசகர்

பல்கலைக்கழக நூலகம் பணம் கட்டி வாங்கும் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரவுத்தளங்களையும் வளாகத்துக்கு வெளியே இருந்து படிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணினிப் பிரிவு கவனித்து முடித்துவிட வேண்டிய சிறிய வேலை என்று இது தோன்றலாம். பல இடங்களில் அப்படித்தான் நடத்தப்படுகிறது. நூலக இணையப் பக்கத்தின் ஓரத்தில் ஓர் இணைப்பு இருக்கும்; கேட்டு வருபவருக்கு மட்டும் ஒரு படிவம் கொடுக்கப்படும்; துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி வந்தால் பார்க்கலாம் என்பார்கள். இதைச் சலுகையாக நினைப்பதே பிழை என்பது என் வாதம். சந்தா கட்டப்படுவது மாணவருக்காகவும் ஆசிரியருக்காகவும். அவர் எங்கே உட்கார்ந்து படிக்கிறார் என்று பார்த்து அந்த உரிமையைக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் நியாயம் கிடையாது. தன் வாசகர் யார் என்று ஒரு பல்கலைக்கழகம் சரியாக அறிந்து வைத்திருக்காதபோதுதான் அவர் நிற்கும் இடத்தை வைத்து அவரை அடையாளம் காண்கிறது. கோளாறு அங்கே இருக்கிறது. அதைத்தான் இன்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், ஒன்றிய மாநில அரசுகளின் கீழ் உள்ள 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்கள், அவற்றில் இருக்கும் ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2,000 கோடி என்றால் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய். பொதுப்பணத்திலிருந்து ஒவ்வொரு மாணவரின் பேரிலும் இந்தத் தொகை பதிப்பகங்களுக்குப் போகிறது. திண்டிவனத்தில் இருப்பவருக்கும் தில்லியில் இருப்பவருக்கும் ஒரே தொகைதான். ஆனால் அந்த மாணவர் மாலை ஐந்து மணிக்கு வளாகத்தை விட்டு வெளியேறி, பேருந்து பிடித்து, வீட்டுக்குப் போய், இரவு ஒன்பது மணிக்கு ஒரு கட்டுரையைத் திறக்கும்போது முப்பது, நாற்பது டாலர் கட்டச் சொல்லி ஒரு பக்கம் வந்து நின்றால், அவர் பேரில் போன அந்த 1,100 ரூபாய் பகல் நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகிறது என்றுதானே பொருள்? விடுதியில் இடம் கிடைத்தவருக்கு இரவிலும் வளாக இணையம் உண்டு. தினமும் ஊரிலிருந்து வந்து போகிறவருக்கு இல்லை. விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறார்கள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இடத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் பழக்கம் எப்படி வந்தது? 1990-களின் நடுவில் ஆய்விதழ்கள் இணையத்துக்கு வந்தபோது பதிப்பகங்களுக்கு ஓர் எளிய வழி தேவைப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தில் இருபதாயிரம் பேர் இருந்தால் இருபதாயிரம் கடவுச்சொற்களைப் பதிப்பகம் பராமரிக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் கணினி வலையமைப்புக்கென்று ஐ.பி. முகவரிகளின் ஒரு தொகுதி உண்டு. அந்தத் தொகுதியைப் பதிப்பகத்திடம் ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அதற்குள்ளிருந்து வரும் எந்தக் கோரிக்கைக்கும் கதவு திறக்கும். யார் கேட்கிறார் என்ற கேள்வியே எழாது. மேசைக் கணினிகள் துறைகளிலும் நூலகத்திலும் மட்டும் இருந்த காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. வாசகருக்கு எந்தச் சிரமமும் இல்லாத ஏற்பாடும்கூட. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்திலேயே வேறு வழி இருந்தது. பிரிட்டனில் 'ஏதென்ஸ்' என்ற முறையில், பல்கலைக்கழக உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுத்து, எங்கிருந்தாலும் நுழையலாம் என்று 1990-களின் பிற்பகுதியிலேயே செய்து காட்டினார்கள். ஆகவே இடத்தைப் பார்ப்பது தொழில்நுட்பம் நம்மீது சுமத்திய கட்டாயம் ஆகாது. எளிதாக இருந்ததால் எடுத்துக்கொண்டோம். பழகிவிட்டதால் விடாமல் இருக்கிறோம்.

வெளியிலிருந்து நுழைவதற்கு இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று வி.பி.என். வாசகரின் கணினியை இணையத்தின் வழியே வளாக வலையமைப்போடு இணைத்துவிடுவது. பதிப்பகத்துக்கு அவர் வளாகத்துக்குள் இருப்பது போலவே தெரியும். இரண்டாவது பிராக்சி. வாசகர் நூலகத்தின் சர்வரில் லாகின் செய்கிறார். அந்த சர்வர் அவருக்குப் பதிலாகப் பதிப்பகத்திடம் கேட்டு வாங்கித் தருகிறது. பக்கத்திலுள்ள ஒவ்வோர் இணைப்பையும் தன் வழியாகவே போகுமாறு மாற்றி எழுதிக்கொள்கிறது. உலகெங்கும் பரவிய இஸிபிராக்சி என்ற மென்பொருளை 1999-ல் எழுதியவர் கிறிஸ் ஜாகர். அவர் பெரிய நிறுவனம் எதிலும் இருந்தவரல்லர். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சமுதாயக் கல்லூரியின் நூலகர். தன் வாசகர்கள் வீட்டிலிருந்து படிக்க முடியவில்லை என்பதை ஒரு நூலகர் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதிலிருந்து அந்த மென்பொருள் பிறந்தது. மூன்றாவது வழி கூட்டமைப்பு. இதில் பதிப்பகத்தின் தளத்தில் வாசகர் தன் பல்கலைக்கழகத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கிறார், பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கத்துக்கு அனுப்பப்படுகிறார், அங்கே கடவுச்சொல் கொடுக்கிறார், "இவர் எங்கள் உறுப்பினர்" என்று பல்கலைக்கழகம் சான்று சொல்கிறது, கதவு திறக்கிறது. கடவுச்சொல் பதிப்பகத்தின் கைக்குப் போவதே இல்லை. இதற்கான ஷிபோலெத் என்ற மென்பொருள் 2003-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதை அடிப்படையாகக் கொண்டு காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற கூட்டமைப்பை இந்திய நிறுவனங்களுக்காக நடத்துகிறது. கருவி இல்லை என்று இன்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்ல முடியாது.

அனுமதியும் இருக்கிறது. மின்னிதழ் உரிம ஒப்பந்தங்களை எடுத்துப் படிக்கும் வழக்கம் நம் நூலகங்களில் குறைவு. சந்தாப் புதுப்பிப்புக் கோப்போடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுகிறோம். அந்த ஒப்பந்தங்களில் பயன்படுத்தத் தகுதியுள்ளவர் யார் என்ற பகுதிதான் வாசகருக்கு மிக முக்கியமானது. நூலக உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரி ஒப்பந்தங்களில், பதிவுபெற்ற மாணவர்களும் பணியிலிருக்கும் ஆசிரியர், ஊழியர்களும் எந்த இடத்தில் இருந்தாலும் தகுதியுள்ளவர்களே. இடத்தோடு கட்டப்படுபவர் இன்னொரு வகையினர்: நூலகத்துக்கு நேரில் வந்து படிக்கும் பொதுமக்கள். அவர்கள் நூலகக் கட்டடத்துக்குள் மட்டும் படிக்கலாம். ஆக, விருந்தினருக்கு என்று எழுதப்பட்ட கட்டுப்பாட்டை வீட்டாருக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பதிப்பகம் கேட்காத கட்டுப்பாடு அது.

இப்போது வெளியே நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு தருகின்றன. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கான உச்சவரம்புக்கு மேல் இரண்டு ஆண்டு வரை கூடுதல் அவகாசம் தருகின்றன. இந்த விதிகளை எழுதியவர்கள், ஆய்வாளர் தினமும் வளாகத்துக்கு வர இயலாத காலங்கள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டுதான் எழுதியிருக்கிறார்கள். பகுதிநேர ஆய்வாளர் பகலில் பள்ளியிலோ வங்கியிலோ மருத்துவமனையிலோ வேலையில் இருப்பவர். அவர் ஆய்வுக்கு உட்காரும் நேரம் நூலகம் பூட்டியிருக்கும் நேரம். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவகாசமும் கொடுத்துவிட்டு, படிக்க வேண்டியதை மட்டும் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பூட்டி வைத்தால், அந்த அவகாசம் வெறும் தேதி நீட்டிப்பாகத்தான் மிஞ்சும். களப்பணியில் இருக்கும் மானிடவியல் மாணவர், வேறு ஊர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் வரலாற்று மாணவர், சக்கர நாற்காலியில் பேருந்து ஏற முடியாதவர், திரைவாசிப்பான் பொருத்திய சொந்தக் கணினியில் மட்டுமே வசதியாகப் படிக்கக்கூடிய பார்வையற்ற மாணவர் என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்கள் விதிவிலக்குகள் என்று யாரும் சொல்ல வேண்டாம். இணைவுக் கல்லூரிகளை நம்பி நடக்கும் நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நிலை இன்னும் கடினம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியதே கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தத்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுத்துறையில் பதிவு செய்திருப்பவருக்குப் பல்கலைக்கழகம் திருநெல்வேலி அருகே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. நீலகிரியில் இருப்பவருக்குக் கோயம்புத்தூரில் இருக்கிறது. பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆய்வேடு வந்து சேர்வது அதன் நூலகத்துக்கு. அந்த ஆய்வேட்டை எழுதுவதற்கான இதழ்கள் மட்டும் அவரிடம் வந்து சேர்வதில்லை.

வெளியிலிருந்து படிக்கும் வசதியை நடத்திக் காட்டிய அனுபவம் நம்மிடமே இருப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 2010-ல் கல்லூரிகளுக்கென்று என்-லிஸ்ட் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் 6,000-க்கு மேற்பட்ட மின்னிதழ்களும் பெருந்தொகையான மின்னூல்களும். சிறு ஊர்க் கல்லூரிகளுக்கு நிலையான ஐ.பி. முகவரி கிடையாது, பல இடங்களில் ஒழுங்கான இணைய இணைப்பே கிடையாது. ஆகவே இடத்தை வைத்து அடையாளம் காணும் வழி அவர்களுக்கு ஒத்துவரவில்லை. கல்லூரியின் பொறுப்பாளர் பெயர்ப்பட்டியல் அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. காந்திநகரில் இருந்த சர்வர் அவர்களைச் சரிபார்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்பியது. வீட்டிலிருந்தும் படிக்கலாம், பேருந்து நிறுத்தத்திலிருந்தும் படிக்கலாம். வசதி குறைந்த கல்லூரி மாணவர் எங்கிருந்தும் படிக்க முடிந்த அதே ஆண்டுகளில், கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்ட பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் வளாகத்துக்குள் மட்டும் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் முடிந்தது பல்கலைக்கழகத்தில் ஏன் முடியவில்லை? கல்லூரியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்ப்பட்டியல் தயாரித்தார். பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு யாருடையது என்று யாரும் முடிவு செய்யவில்லை.

பட்டியல் என்ற இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தில் இன்று யார் யார் மாணவர் என்று கேட்டால் பதில் எங்கே இருக்கிறது? சேர்க்கைப் பிரிவில் ஒரு பட்டியல். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இன்னொன்று. ஆய்வு மாணவர்களுக்கு ஆய்வுப் பிரிவில் தனிக் கோப்பு. நூலகத்தில் உறுப்பினர் அட்டைக்கென்று நான்காவது. இவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. ஒருவர் ஆய்வைக் கைவிட்டுப் போனது ஆய்வுப் பிரிவுக்குத் தெரியும், நூலகத்துக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர் நூலகத்துக்குத் தெரிய ஒரு பருவம் ஆகும். கூட்டமைப்பு முறைக்கு வேண்டியதெல்லாம் "இவர் இன்று எங்கள் உறுப்பினரா" என்ற ஒரு கேள்விக்கு உடனடியாக, சரியாகப் பதில் சொல்லும் ஒரு பதிவேடுதான். மென்பொருள் நிறுவுவது சில நாள் வேலை. பதிவேட்டை ஒழுங்காக்குவது பதிவாளர் தலையிட்டால் ஒழிய நடக்காத வேலை. நூலகரிடம் போய் "ஏன் வெளியிலிருந்து திறக்கவில்லை" என்று சண்டை போடும் ஆய்வாளர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: பல நேரங்களில் தடை நூலகத்தில் இல்லை, நிர்வாகக் கட்டடத்தில் இருக்கிறது. ரேஷன் கடையைப் பாருங்கள். எந்தக் கடையில் பெயர் பதிந்திருக்கிறதோ அந்தக் கடையில்தான் அரிசி என்று இருந்ததை, எந்த ஊரிலும் வாங்கலாம் என்று 2019 முதல் படிப்படியாக மாற்றினார்கள். அது சாத்தியமானது கடைகளைப் புதிதாகக் கட்டியதால் அல்ல; அட்டைதாரர் பட்டியலை ஒன்றாக்கியதால். கோடிக்கணக்கான குடும்பங்களுக்குச் செய்ய முடிந்ததைச் சில ஆயிரம் மாணவர்களுக்குச் செய்ய முடியாது என்று எந்தப் பதிவாளர் சொல்வார்?

கதவை மூடினால் வாசகர் வளாகத்துக்கு வந்து படிப்பார் என்று நினைப்பவர்களுக்குச் சான்று வேறு மாதிரி இருக்கிறது. அவர் வேறு கதவைத் தேடிப் போகிறார். சய்-ஹப் என்ற திருட்டுக் களஞ்சியத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2016 ஏப்ரலில் சயன்ஸ் இதழில் ஜான் பொஹானன் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்தில் 2 கோடியே 80 லட்சம் பதிவிறக்கக் கோரிக்கைகள்; அவற்றில் சீனாவிலிருந்து 44 லட்சம், இந்தியாவிலிருந்து 34 லட்சம், ஈரானிலிருந்து 26 லட்சம். சந்தா கட்ட முடியாத நாடுகளின் கதை இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே தரவில் அமெரிக்காவும் முன்வரிசையில் இருந்தது. அங்கே பயன்பாடு பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஊர்களைச் சுற்றித் திரண்டிருந்தது. ஏராளமான இதழ்களுக்குச் சந்தா கட்டியிருக்கும் செல்வந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்களும் அங்கே போனார்கள். தங்கள் நூலகத்தின் வழியே நுழைவதைவிட அது எளிதாக இருந்தது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் சய்-ஹப் மீது வழக்குத் தொடர்ந்தன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கின் நியாய அநியாயம் இன்றைய பேச்சுக்கு உரியதன்று. ஆனால் அந்தக் கதவு அடைக்கப்பட்ட பிறகு நூலகத்தின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. நேர்வழி எளிதாக இல்லாத இடத்தில் மாணவரைக் குறுக்குவழிக்காகக் கண்டிக்கும் தகுதி நமக்கு இல்லை.

இனி மறுப்புகள். பதிவாளர்களும் கணினிப் பிரிவினரும் முதலில் சொல்வது பாதுகாப்பு. வெளியே திறந்தால் கடவுச்சொல் கசியும், யாரோ ஆயிரக்கணக்கில் பதிவிறக்குவார்கள், பதிப்பகம் பல்கலைக்கழகம் முழுவதையும் முடக்கிவிடும் என்கிறார்கள். முடக்கம் நடப்பது உண்மை. ஆனால் இதில் உலகம் அறிந்த நிகழ்வை நினைத்துப் பாருங்கள். 2010 செப்டம்பருக்கும் 2011 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்க நிரலாளர் ஆரன் ஸ்வார்ட்ஸ் ஆய்விதழ்க் களஞ்சியமான ஜேஸ்டோர் தளத்திலிருந்து ஏறத்தாழ 48 லட்சம் கட்டுரைகளைப் பதிவிறக்கினார். அதை அவர் செய்தது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்துக்குள், கம்பி இணைப்பு அறையில் வைத்த ஒரு மடிக்கணினியிலிருந்து. ஐ.பி. முகவரி வளாகத்துடையது, ஆகவே கதவு திறந்தே இருந்தது. யார் என்று தெரியாததால் ஜேஸ்டோர் அந்த வளாகம் முழுவதையும் சில நாள் முடக்கியது. ஒரு குற்றமும் செய்யாத ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் படிக்க முடியாமல் போனார்கள். பிறகு வந்த குற்ற வழக்கும், 2013 ஜனவரியில் இருபத்தாறு வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதும் கல்வி உலகம் ஆறாமல் சுமக்கும் துயரம்; ஆய்வறிவு யாருக்கு உரியது என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் முடியவில்லை. நம் வாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: இடத்தை நம்பும் முறை பாதுகாப்பானது என்பதற்கு இந்த நிகழ்வு இடம் தரவில்லை. தனித்தனிக் கணக்குகள் இருந்தால் விதிமீறும் ஒரு கணக்கை மட்டும் நிறுத்தலாம். ஆயிரம் பேரைத் தண்டிக்க வேண்டியதில்லை.

கடவுச்சொல் கசிவு உண்மையான ஆபத்து என்பதை மறுக்கவில்லை. பல்கலைக்கழகக் கணக்குகள் பிறர் கைக்குப் போனதன் வழியாகத்தான் சய்-ஹப் பெருமளவு நிரம்பியது. ஆனால் கசிவை மிகுதியாக்குவது நம்முடைய பழக்கமே. துறைக்கெல்லாம் சேர்த்து ஒரே கடவுச்சொல், அது வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது, படிப்பு முடித்துப் போனவர் கையிலும் அது இருப்பது. ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்கு, கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பு, படிப்பு முடிந்த நாளில் தானாக முடியும் தகுதி ஆகிய மூன்றும் இருந்தால் ஆபத்தின் பெரும்பகுதி குறையும். மூன்றும் மறுபடியும் அந்தப் பதிவேட்டைத்தான் கேட்கின்றன.

செலவு என்ற மறுப்பை விரைவாகக் கடந்துவிடலாம். பதிப்பகம் விலை வைப்பது நிறுவனத்தின் அளவையும் மாணவர் எண்ணிக்கையையும் பார்த்து. எங்கிருந்து படிக்கிறார்கள் என்பதைப் பார்த்து அல்ல. பயன்பாடு கூடினால் அடுத்த ஆண்டு விலையைக் கூட்டக் காரணம் கிடைக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. பயன்பாடு குறைந்தால் "யாரும் படிக்கவில்லையே" என்று சொல்லிச் சந்தாவையே வெட்டும் நிதிக்குழு கூட்டங்கள் அதைவிட அதிகம். கட்டியது கட்டியதுதான், படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் அந்தச் செலவுக்கு நியாயம் சேர்க்கிறது.

மூன்றாவது மறுப்பு மனத்திலிருந்து வருகிறது. அதை நான் மதிக்கிறேன். எல்லாம் வீட்டிலிருந்தே கிடைத்துவிட்டால் மாணவர் நூலகத்துக்கு வருவாரா? வாசிப்புச் சூழல் அழிந்துவிடாதா? இதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த காலத்திலிருந்து தொடங்குகிறார். புத்தகத்தைக் காப்பதே வேலை என்று நினைத்த நூலகம், புத்தகம் பயன்படுவதற்கே என்று உணர்ந்து மாறிய வரலாறு அது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை அவர் தனி விதியாகவே வைத்தார். அதே 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். கிராமத்தார் நூலகத்துக்கு வரும் வழக்கம் கெட்டுவிடும் என்று அன்று அவர் அஞ்சவில்லை. வர முடியாதவரிடம் போனால்தான் வாசகர் உருவாவார் என்று நம்பினார். மாணவர்கள் நூலகக் கட்டடத்துக்கு வருவது அமைதிக்காக, வெளிச்சத்துக்காக, அச்சுப் புத்தகத்துக்காக, தெரியாததைக் கேட்டால் சொல்லும் நூலகருக்காக. ஒரு பி.டி.எஃப். கோப்பைப் பிணையாக வைத்து அவர்களை வரவழைக்க வேண்டிய நிலையில் ஒரு நூலகம் இருந்தால், அது தன் மற்ற வேலைகளை முதலில் கவனிக்க வேண்டும்.

இளைய ஆய்வாளர்கள் எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் அல்லவா, பூட்டுக்கு நல்ல சாவி செய்வதில் ஏன் காலத்தை வீணாக்குகிறீர்கள் என்று. திறந்த அணுக்கத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அறிவியல் கட்டுரைகளின் முன்பதிப்புகளை 1991 முதல் இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளமும், இந்திய ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கத் தரும் சோத்கங்காவும் அதன் பெருமைகள். ஆனால் அரை நூற்றாண்டுக் கால இதழ்த் தொகுப்புகள் பூட்டுக்குள் இருக்கின்றன. சட்ட மாணவருக்கு வேண்டிய எஸ்.சி.சி. ஆன்லைனும் மனுபத்ராவும், பொருளியல் மாணவருக்கு வேண்டிய நிறுவனத் தரவுத்தளங்களும் வணிகப் பொருள்கள், அவை திறக்கப்போவதில்லை. இந்த ஆண்டு முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவரிடம் பத்தாண்டு பொறுத்திரு என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டதை அவர் கைக்குக் கொண்டு சேர்ப்பதும், வருங்காலத்தில் பணமே கட்டத் தேவையில்லாத நிலைக்காகப் போராடுவதும் ஒரே மனிதர் செய்யக்கூடிய வேலைகள்.

எனக்கே எளிதாகப் பதில் சொல்ல வராத மறுப்பு ஒன்றுண்டு. அது வாசகரின் அந்தரங்கம். இடத்தை மட்டும் பார்த்த முறையில் பதிப்பகத்துக்கு வாசகர் யார் என்றே தெரியாது. என்ன படிக்கிறார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். தனிக் கணக்கு வந்தவுடன், எந்த மாணவர் எந்த நள்ளிரவில் எந்தக் கட்டுரையைத் திறந்தார் என்பது ஏதோ ஒரு சர்வரில் பதிவாகிறது. அரசியல், மதம், சாதி, உடல்நலம் பற்றிய ஆய்வில் இது சிறிய விஷயமே இல்லை. ஒரு மாணவி மனநோய் பற்றியோ கருக்கலைப்பு பற்றியோ என்ன படித்தாள் என்பது துறைக்கோ நிர்வாகத்துக்கோ காவல்துறைக்கோ தெரியக்கூடாது. ஆளை அறிய வேண்டும் என்று வாதிடும் நான், அறிவதற்கு எல்லை வகுக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். கூட்டமைப்பு முறையில் பெயரும் மின்னஞ்சலும் அனுப்பாமல், "உறுப்பினர்" என்ற தகுதியையும், ஆளைக் காட்டாத ஒரு குறியீட்டையும் மட்டும் பதிப்பகத்துக்கு அனுப்பும்படி அமைக்க முடியும். அப்படி அமைப்பது பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது; கவனிக்காமல் விட்டால் தேவைக்கு மேல் தகவல் போகும். பிராக்சி சர்வரின் பதிவுகளைக் குறுகிய காலத்தில் அழிக்கலாம். இதற்கென்று வெளி நிறுவனங்களின் சேவையை வாங்கும் பல்கலைக்கழகங்கள், அந்த நிறுவனம் எதைச் சேமிக்கிறது, எவ்வளவு காலம், யாருக்குக் கொடுக்கிறது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். 2023-ல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கும் நாட்டில் இதைக் கேட்பது மிகையன்று. இவற்றைச் செய்யாமல் வெளிக்கதவைத் திறக்கும் பல்கலைக்கழகம் வாசகருக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது என்றே சொல்வேன்.

2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டபோது இந்தப் பிரச்சினை எல்லோர் கண்ணுக்கும் ஒரே நாளில் தெரிந்தது. துணைவேந்தரும் வீட்டில் இருந்தார். அவருக்கும் கட்டுரை திறக்கவில்லை. அந்த மாதங்களில் பல நிறுவனங்கள் அவசர அவசரமாக ஏதாவது ஒரு வழியை அமைத்துக்கொண்டன. வளாகங்கள் திறந்ததும் அந்த அவசரம் தணிந்தது. மேலிருப்பவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. நூலகர்களே, உங்கள் உரிம ஒப்பந்தங்களை எடுத்து, தகுதியுள்ள பயனர் யார் என்ற பகுதியைப் படித்து, அதை எளிய தமிழில் நூலகப் பக்கத்தில் போடுங்கள். வெளியிலிருந்து எப்படி நுழைவது என்ற விளக்கத்தைக் கைப்பேசித் திரையில் படிக்கும்படி எழுதுங்கள். மடிக்கணினி இல்லாத மாணவர்கள் இருக்கிறார்கள். பேராசிரியர்களே, கல்விக்குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: சேரும் நாளிலேயே ஒவ்வொரு மாணவருக்கும், இணைவுக் கல்லூரியின் ஆய்வாளர் உட்பட, பல்கலைக்கழகக் கணக்கு ஒன்று ஏன் தரப்படுவதில்லை? நிர்வாகத்தில் இருப்பவர்களே, நான்கு பட்டியல்களை ஒன்றாக்க ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவருக்கு ஒரு காலக்கெடுவும் கொடுங்கள். ஆய்வு மாணவர்களே, அடுத்த முறை வீட்டிலிருந்து ஒரு கட்டுரை திறக்காதபோது குறுக்குவழி தேடுவதற்கு முன்னால் அந்த இதழின் பெயர், தேதி, திரையில் வந்த செய்தி ஆகியவற்றை எழுதி நூலகருக்கும் பதிவாளருக்கும் அனுப்புங்கள். எழுத்தில் வராத குறை கோப்பில் ஏறாது. இப்போதைய ஒதுக்கீடு 2027-உடன் முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் பேசப்படும்போது, வளாகத்துக்கு வெளியே இருக்கும் வாசகரின் பெயரில் வந்த கடிதங்கள் அந்த மேசையில் இருக்க வேண்டும்.